தெற்குச் சன்னலில் வெயில்

வேலைக்காரி டெலியா கதவைத் தட்டவில்லை; தள்ளிக்கொண்டு உள்ளே வந்து விழுந்தாள். பின்னாலேயே கான்ஸ்டபிள் பாஸ்க் கைவிலங்கோடு மூச்சிரைக்க நின்றான்.

"ஐயா, சாயங்கால வண்டியில என்னை மெல்போர்னுக்கு ஏத்தப் போறாங்க. அங்க போனா தூக்குதான். எஜமானரை நான் கொல்லலைய்யா!"

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் டெவரல் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீயும் உக்காரு பாஸ்க். விலங்கு எங்கயும் ஓடிடாது."

இறந்தவர் ஆம்ப்ரோஸ் கெல்வே. இருபது வருடத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து தங்கம் தோண்டக் கப்பலேறி வந்து, ஒரு குன்றிமணியும் கிடைக்காமல் பேனா பிடித்தவர். எங்கள் பொன்வயல் ஊரை இங்கிலாந்துக்காரர்கள் அவர் கதைகளில்தான் பார்த்தார்கள். நேற்று எழுத்துமேசையிலேயே செத்துக் கிடந்தார். தேநீரில் எலிப்பாஷாணம்.

"பதினோரு மணிக்குத் தேநீர் வச்சுட்டு ஓடைக்குத் துவைக்கப் போனேன். ஒரு மணிக்கு வந்தா திரை மூடியிருக்கு, அவரு சாஞ்சு கிடக்காரு. அவரு எழுதின சுயசரிதைக் கட்டையும் காணோம். நான்தான் நீல நூலால கட்டி வச்சிருந்தேன்."

மூவரும் கெல்வேயின் வீட்டுக்கு நடந்தார்கள். ஜூலை மாதக் குளிரிலும் தெருவில் பளிச்சென்ற வெயில். வாசலில் நின்ற கூட்டம் டெலியாவைக் கண்டதும் விலகி வழிவிட்டது. டெவரல் கூட்டத்தில் நின்ற எதிர்வீட்டுக் கொல்லனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போனார்.

திரை மூடியபடியே இருந்த அறையில் கெல்வேயின் அண்ணன் மகன் சிரில் காத்திருந்தான். கப்பலிலிருந்து இறங்கிப் பத்து நாள்தான் ஆகிறது.

"நேத்து பன்னிரண்டு மணிக்கு நீங்க திரையை இழுத்ததை எதிர்வீட்டுக் கொல்லன் பார்த்திருக்கான். எதுக்கு இழுத்தீங்க?" என்றார் டெவரல்.

"ஆமா. அப்ப சித்தப்பா உயிரோடதான் இருந்தாரு. தேநீர் கசக்குதுன்னாரு. தெற்குச் சன்னல் பாருங்க, உச்சி வெயில் தாள்ல அடிச்சுக் கண்ணு கூசுது, மூடுடான்னாரு. மூடிட்டுக் கிளம்பிட்டேன்."

"பார்த்தீங்களா, இவளேதான்!" என்று துள்ளினான் பாஸ்க்.

டெவரல் திரையை விலக்கினார். "மணி என்ன?"

"பன்னிரண்டே கால்," என்றான் பாஸ்க்.

"மேசையில வெயில் எங்க?"

இந்த ஊரிலேயே பிறந்தவன் பாஸ்க். நிழல் விழுந்த மேசையைப் பார்த்தான். பிறகு மெதுவாக சிரிலைப் பார்த்தான்.

"பூமியோட தென்பாதி இது. இங்க உச்சி வெயில் வடக்க இருந்துதான் வரும்," என்றார் டெவரல். "நானும் வந்த வருஷம் தெற்குச் சுவரோரமா தக்காளி நட்டு, ஒண்ணுகூடப் பழுக்கலை. திரை ஏன்னு கேட்டதும் இவர் வாயில வந்தது தெற்க இருந்து அடிக்கற இங்கிலாந்து வெயில். திரையை மூடினது விஷம் வைக்கறது தெருவுக்குத் தெரியக் கூடாதுன்னு."

சிரிலின் பெட்டியில் சுயசரிதைக் கட்டு கிடைத்தது; நீல நூலின் முடிச்சு அவிழவே இல்லை. எந்தப் பத்திரிகையும் சீந்தாத கதைகளை எழுதிய அவன், இதையே நாவலாக்கித் தன் பெயரில் அச்சேற்ற நினைத்திருந்தான்.

டெலியா முடிச்சை அவிழ்த்தாள். டெவரல் முதல் வரியை வாசித்தார்: 'இந்த நாட்டில் நான் முதலில் கற்றது, சூரியன் வடக்கே நிற்கும் என்பதைத்தான். ஆகவே வெயில் வராத தெற்கு அறையை எழுதுவதற்கு வைத்துக்கொண்டேன்.'

பாஸ்க் விலங்கை சிரிலின் கையில் பூட்டினான்.

"திருடினதுதான் திருடினீங்க," என்றார் டெவரல், "முதல் பக்கத்தையாவது படிச்சிருக்கலாமே, தம்பி."