லயத்துக்குச் சொல்லாத முடிவு

கணினி அறையில் ஒரு கணினிகூட இல்லை. ஆனாலும் அறை சுட்டது.

2007 நவம்பர், பிற்பகல் மூன்று மணி. பதுளையில் மழை விட்டபாடில்லை. நாற்பது கணினிகளை ஒன்றாகப் பிணைத்து, எந்த மலை எப்போது சரியும் என்று கணக்குப் போட அரசாங்கம் நடத்திய நிலையம் அது. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு வேலைக்கு வந்த நேசராணி வாசலிலேயே நின்றுவிட்டாள். வெறும் மேசைகள். பிடுங்கிப்போட்ட வயர்கள். ஆனால் பல மாதங்களாகக் கேட்டுப் பழகிய அதே இரைச்சல் எங்கேயோ தாழ்வாக ஓடிக்கொண்டிருந்தது. சூடான தூசி வாசனைக்குள் நனைந்த மண்ணின் வாசனையும் கலந்து வந்தது.

திட்டத்தை மூடிவிட்டார்களாம், இனி எல்லாம் கொழும்பிலாம், வெள்ளிக்கிழமையே லொறியில் ஏற்றிப் போனார்களாம் என்றார் காவலாளி நிஸாம்.

கடைசியாக ஓடியது மடுல்சீமை மலையின் கணக்கு. அவள் பிறந்த லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், அந்த மலைக்கு அடியில்தான். சுவரில் வெடிப்பு கண்டு சனம் கிளம்பியபோது, மெஷின் சொல்லட்டும், நானே போன் எடுக்கிறேன் என்று நிறுத்திவைத்தவள் அவள். முடிவு வந்தால் முதலில் உனக்குத்தான் என்று பணிப்பாளர் இரகுநாதன் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

கொழும்பிலிருந்த அவருக்கு போன் எடுத்தாள்.

"அது போன கிழமையே முடிஞ்சுது பிள்ளை."

"என்ன வந்துச்சுங்க சேர்?"

"மேல அனுப்பியாச்சு. இனி அதைச் சொல்லுறது எங்கட வேலையில்லை."

"எங்க சனம் இன்னும் லயத்துலதான் இருக்கு சேர்."

"ஓம், தெரியும்," என்றார். வைத்துவிட்டார்.

லயத்திலிருந்த தங்கச்சி டிலானியின் எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கவேயில்லை. குரல் வந்தது.

"நீ இருக்கச் சொன்னேன்னு யாரும் போகலக்கா."

"இப்பவே கிளம்புங்கடி. எல்லாரையும் கூட்டிக்கிட்டு..."

"வந்துட்டோம்க்கா."

இரண்டு மணி நேரத்துக்கு மேலான மலைப்பாதை. காலையிலிருந்து பஸ்கூட இல்லை.

இரைச்சல் நின்றது.

தாழ்வாரத்தில் காலடிகள். ஈரமான காலடிகள். நிறைய.

திரும்பினாள்.

வாசலில் டிலானி. அவளுக்குப் பின்னால், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்பதுபோல் வரிசையாக, லயத்துச் சனம் முழுதும். கைக்குழந்தைகளும். கண்ணில் மண். காதில் மண். வாய் நிறையச் சிவந்த மண்.

டிலானியின் உதடு அசையவில்லை. குரல் போனில் வந்தது.

"மெஷின் என்னக்கா சொல்லுச்சு? போகவா, இருக்கவா?"

யாரும் அழவில்லை. யாரும் ஏசவில்லை.

எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.