டீ ஆறும் நேரம்

காலைக் கடை நேரம் முடிவதற்குள் கோயம்புத்தூரே இஞ்சி பப்ஸைக் கடித்துவிட்டு முகம் சுளித்திருந்தது. நல்லவேளை, நிஜக் கோயம்புத்தூர் இல்லை, ஒத்திகைக்கூடத்துக்குள் இருந்த கோயம்புத்தூர். கோகிலவாணி விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். இஞ்சி பப்ஸும் அதைத் துப்பிய அத்தனை நிழலர்களும் அணைந்து போனார்கள். நிஜ அடுப்பில் ஒரு கரண்டி மாவுகூட வீணாகவில்லை.

நிழலர்கள் என்றால் வேறொன்றுமில்லை, வாடிக்கையாளர்களின் படிகள்தான். ஒருவரின் பேச்சு, பழக்கம், பசி, கோபம் எல்லாவற்றையும் சம்மதத்தோடு வாங்கி எந்திரத்துக்குள் இறக்கிவிட்டால், அசல் ஆள் என்ன செய்வாரோ அதையே நிழலரும் செய்வார். உள்ளே ஒரு மாதம் ஓடி முடிய, வெளியே ஒரு டீ ஆறும் நேரம் போதும்.

இதைக் கட்டியதே புருஷன் பெண்டாட்டி சண்டையை நிறுத்தத்தான். பேக்கரி தொடங்கிய காலத்தில் வாணி சுவர் முழுக்க ஐந்தாண்டுத் திட்டம் எழுதி வைப்பாள். அவள் புருஷன் சென்னியப்பனோ அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பாமல் பன்னுக்குள் முருங்கைக்கீரையைத் திணித்து, கடைக்கு வந்தவர்களுக்கு ஊட்டிவிடாத குறையாகக் கொடுத்து, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

"போற ஊரு தெரியாம வண்டிய முடுக்கறீங்க" என்பாள் அவள்.

"நீ ஊர்ப் பேரையே எழுதிட்டு உக்காந்திரு. வண்டி எப்பக் கெளம்பறது?" என்பான் அவன்.

ஒத்திகைக்கூடம் வந்தபின் இரண்டும் ஒன்றாயின. போய்ச் சேர வேண்டிய இடத்தை வாணி சொல்லுவாள். எந்திரம் அதற்கான வழிகளை நிழலர்களிடம் சரமாரியாகச் சோதித்து, தேறாததைத் தூக்கி எறிந்துவிட்டு, தேறிய ஒன்றை நீட்டும். ஒற்றைக் கடை ஊருக்கு ஊர் கடையானது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வாணி சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்றே ஒன்றுதான்: எதையும் நிஜத்தில் முதல் தடவையாகச் செய்யாதே.

பாவி மகள், அந்த விதியைக் கடையோடு நிறுத்தியிருக்கலாம்.

சென்னியப்பனின் அப்பா இறந்த அன்று அவன் ஆஸ்பத்திரி பெஞ்சில் கல்லாய் உட்கார்ந்திருந்தான். வாணிக்குப் பயம். ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லி அவன் மனசை இன்னும் நோகடித்துவிடக் கூடாதே என்ற பயம். புதுப் பலகாரங்களை ருசி பார்க்க அவர்கள் இருவரின் நிழல்களும் கூடத்தில் எப்போதோ ஏற்றப்பட்டிருந்தன. நிழல் சென்னியப்பனிடம் போய் ஆறுதல் சொல்லிப் பார்த்து, எது பலித்ததோ அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, புருஷன் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

"மாமா கடைசியாச் சாப்பிட்டது நீங்க சுட்ட தேங்கா பன்னுதானுங்க. இன்னொண்ணு இருக்குதான்னு கேட்டாரு."

அவன் அவள் மடியில் விழுந்து குழந்தை மாதிரி அழுதான்.

இதை அவள் மறைக்கவில்லை. மறைக்கிற காரியமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. போன மாதம் புது ஆட்களுக்குப் பாடம் எடுத்தபோது, முறையின் அருமைக்கு உதாரணமாக, பெருமையோடு இதையே எடுத்துச் சொன்னாள். பின்வரிசையில் தட்டு நிறைய பன்னோடு சென்னியப்பன் நின்றிருந்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனவன், அதன்பிறகு அவளிடம் சரியாகப் பேசவேயில்லை.

வாணி அன்றே ஒத்திகைக்கூடத்தில் இலக்கை மாற்றினாள்: 'அவர் என்னை விட்டுப் போகக் கூடாது.' நிழல் வாணி கெஞ்சினாள், கோபித்தாள், காலில் விழுந்தாள். எல்லாவற்றிலும் நிழல் சென்னியப்பன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். ஒரே ஒரு வழியில் மட்டும் அழுதுகொண்டே திரும்பி வந்தான்.

இஞ்சி பப்ஸ் அணைந்த அதே காலையில், நிஜச் சென்னியப்பன் பையோடு அவள் அறைக்கு வந்தான். மேசையில் கடைப் பையன் அப்போதுதான் வைத்துவிட்டுப் போன இரண்டு டீயிலும் ஆவி பறந்தது. தேறிய வழியை வாணி நிதானமாகச் சொன்னாள்.

"கடையெல்லாம் மூடிப்போடலாமுங்க. பழையபடி ஒத்தை அடுப்போட நாம ரெண்டு பேரும் இருந்துக்கலாம். நீங்க பன்னுச் சுடற வாசம் இல்லாத ஊட்டுல எனக்கு என்னங்க இருக்குது?"

மனப்பாடம்தான். ஆனால் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவன் கேட்டு முடித்தான். கண் கலங்கவில்லை.

"இதை நீ ஏற்கனவே சொல்லிப்போட்டே, அம்மிணி."

"எப்பங்க?"

"உன்ற நிழலு சொல்லுச்சு. நீ இல்லாத நேரமாப் பாத்து நானும் உள்ள போய்ட்டுத்தான் இருந்தேன். போகாம இருக்க ஒரு வழி கெடைக்காதான்னு. ஒவ்வொரு தடவையும் நீ இதைச் சொன்னே. ஒவ்வொரு தடவையும் நான் அழுது, பையக் கீழ வெச்சேன். இப்ப நீயே சொல்றே, அழுகையே வர மாட்டேங்குது. எல்லாம் அங்கயே தீந்துபோச்சு."

"நெசமாத்தாங்க சொல்றேன்."

"நெசம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒண்ணுமே தோணலையே வாணி, அதுதான் கொல்லுது." அவன் கதவோரம் நின்றான். "ஒத்திகை பாக்காத ஒரு வார்த்தை சொல்லு. திட்டு, தப்பாப் பேசு, பரவால்ல. எனக்குன்னு மொதத் தடவையா ஒண்ணு சொல்லு. நான் போகல."

வாணி வாயைத் திறந்தாள். நெஞ்சு முட்ட வார்த்தைகள் வந்தன. அவற்றில் எது தப்பு? தப்பான ஒன்று விழுந்தால் எல்லாம் போச்சே! இத்தனை வருஷத்தில் அவள் எதையும் இப்படிச் செய்ததில்லை.

"ஒரே ஒரு நிமிஷம் இருங்க. டீ ஆறதுக்குள்ள ஓடி வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு ஒத்திகைக்கூடத்துக்குள் போனாள். அவன் தடுக்கவில்லை.

உள்ளே ஒவ்வொரு வார்த்தையாகத் தோற்றது. திட்டினால் போனான். கெஞ்சினால் போனான். கடைசியில் நிழல் வாணி எதுவுமே சொல்லாமல் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று கதறினாள். பை கீழே விழுந்தது. அவன் அவளைக் கட்டிக்கொண்டான்.

இவ்வளவுதானா! வாணி வெளியே ஓடி வந்தாள்.

இரண்டு டீயிலும் ஆடை படிந்திருந்தது. கதவு திறந்து கிடந்தது. படியில் இறங்கி வாசலுக்கு ஓடினாள். தெருவில் யார் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள், அவன் இல்லை. அங்கேயே, பிடித்துக்கொள்ளச் சட்டை இல்லாமல், ஓவென்று கதறினாள். அது ஒத்திகை இல்லை. கேட்க வேண்டியவன்தான் இல்லை.

எவ்வளவு நேரமோ கழித்து அறைக்குத் திரும்பினாள். கூடத்துக்குள் நிழல் சென்னியப்பன் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். கூடத்தின் திரைக்கு இந்தப்பக்கம் நின்றவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நேரமாச்சே அம்மிணி, நீ இன்னும் சாப்படலயா?"

அவன் தலைக்குமேல் பச்சை எழுத்துகள் எரிந்தன: 'வெற்றி. நிஜத்தில் செய்து பார்க்கலாமா?'