வழிவிடும் புகை

புகை ஓரிடத்தில் மட்டும் வளைந்து போனது.

தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றிய குறும்படம் ஒன்றுக்காக அவன் கணினியில் புகை செய்துகொண்டிருந்தான். லட்சக்கணக்கான துகள்களைக் கீழிருந்து கிளப்பிவிட்டு, காற்றுக்கும் சூட்டுக்கும் அளவு கொடுத்தால், நிஜப் புகையாகவே சுருண்டு ஏறும். வழியில் கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒன்றை வைத்தால் அதில் முட்டி விலகும். அவன் எதையும் வைக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் அந்த இடம் காலிதான்.

மதிய வெயில் திரையில் விழாதிருக்கக் கறுப்புத் திரைச்சீலை போட்ட அறை அது. கணினி விசிறி இரைந்தது, சூடான பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது, சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. கணினியைத் திட்டிக்கொண்டே முதலிலிருந்து ஓட்டினான். அதே இடத்தில் அதே வளைவு.

பக்கத்துத் திரையில் மாதிரிக்கு ஒரு காணொளி ஓடியது. அதுவும் புகைதான், அவனே எடுத்தது. போன மழைக்காலத்தில் தெருவில் வந்தபோது ஒரு மாடி ஜன்னலிலிருந்து கிளம்பிய புகையைக் கண்டு, என்ன அருமையான சுருள் என்று சொக்கிப்போய்ப் போனைத் தூக்கினான். யார் வீட்டு ஜன்னல் என்று பார்க்கத் தோன்றவில்லை. புகையை மட்டுமே பார்த்தான். உள்ளே தீயில் சிக்கிய மனைவியின் அக்கா கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு" என்று வாய் கூசாமல் மனைவியிடம் சொல்லியிருந்தான். அவளும் அவன் தோளிலேயே சாய்ந்து அழுதாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வரும். ஆனாலும் காணொளியை அழிக்க மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல புகை.

துகள்களைப் பத்து மடங்கு கூட்டினான். வெற்றிடத்துக்கு விளிம்பு வந்தது. ஒரு தோள். சாய்ந்த தலை. ஓங்கிய கை.

கணினியை அணைத்தான். திரை இருண்டது.

விசிறி நின்றது.

தட். தட்.

"ஏங்க, சாப்பிட வரலையா?" மனைவிதான். கதவைத் திறந்து உள்ளே வந்தவள், "என்ன இருட்டு இது!" என்று திரைச்சீலையை விலக்கினாள்.

வெயில் பாய்ந்தது. அதில் தூசி மிதந்தது.

அவள் பக்கத்தில் மட்டும் தூசி இல்லை. ஓர் ஆள் அளவுக்கு.

இப்போதாவது சொல்லிவிடலாம். தானே சொல்லிவிட்டால் போதும். வாயைத் திறந்தான். "இதோ வர்றேன்" என்றுதான் வந்தது.

தூசி நகர்ந்தது. வெற்றிடம் குனிந்தது. மனைவியின் காதருகே.

அவள் ஏதோ கூசியதுபோல் காதோரத்து முடியை ஒதுக்கினாள். பிறகு அசையாமல் நின்றாள். கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். முகம் வெளிறிப்போனது.

மெல்லத் திரும்பினாள்.

"எவ்வளவு நேரம் படம் எடுத்தீங்க?"

அவள் தோளைச் சுற்றி, ஒரு கை அளவுக்கு, தூசி விலகியிருந்தது.