தீமேய்ப்பான் விட்டுவைத்த செடி

தீமேய்ப்பான் தன் ஆறு கால்களில் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால், பெரிய காட்டுத்தீ மூளாதிருக்க அது மூட்டிய முழங்கால் உயரத் தீ, ஆட்டுமந்தை போலக் காய்ந்த புல்லைத் தின்றபடி நகர்ந்தது. ஓக் கன்றுகள் வரும் இடத்தில் மட்டும் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது. ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஒரு காவற்சில்லு. சில்லு இருக்கும் இடத்தை இயந்திரம் எரிக்காது.

ஒரு சில்லு மட்டும் கறிவேப்பிலைச் செடியின் அடியில் இருந்தது. சகாயமேரி இந்த அயல்நாட்டுக்குக் கன்று பராமரிக்கும் வேலைக்கு வந்த வருடமே ஓர் ஓக் கன்றிடமிருந்து எடுத்து மாற்றி வைத்தது. தூத்துக்குடியில் அவள் வீட்டைக் கடல் கொள்ளும் முன், கொல்லையிலிருந்து வேரோடு பறித்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த செடி. வேலை முடிந்ததும் ஓர் இலையைக் கசக்கி முகர்வாள். அம்மா மீன்குழம்பு தாளிக்கும் ஓசைகூட அதில் கேட்கும்.

"மாட்டுனோம்னா ரெண்டு பேரையும் ஊருக்கு ஏத்திருவான், பிள்ள," என்பார் உடன் வேலை செய்யும் லூர்து.

"ஏத்துறதுக்கு ஊரு எங்கண்ணே இருக்கு?"

"அதுவுஞ் சரிதான். ரசத்துக்கு ரெண்டு இலை குடு."

சில வருடங்கள் கழித்து அடித்த புயற்காற்றில் காவலில் வளர்ந்த கன்றுகள் சாய்ந்தன. உயரம் இருந்தது, வேர் இல்லை. சில்லைப் பறிகொடுத்த கன்று மட்டும் நின்றது. வருடாவருடம் எரிந்து, மறுபடி துளிர்த்து, தன் வளர்ச்சியை எல்லாம் மண்ணுக்குள் போட்டு வைத்திருந்தது.

புது உத்தரவு வந்தது. எல்லாச் சில்லுகளையும் எடுத்துவிட வேண்டும். எரிந்தும் வேரிலிருந்து துளிர்ப்பதே இந்த மண்ணின் கன்று. தீக்கு மேலே வளரும்வரை அதற்கு மட்டும் காவல்.

"செடியத் தோண்டி எடுத்து ரூம்ல வச்சுக்கோ பிள்ள," என்றார் லூர்து.

"ரூம சோதிப்பாங்கண்ணே. வெளிநாட்டுச் செடின்னு பிடுங்கிருவாங்க."

அவளே சில்லை எடுத்தாள். தீ செடியைத் தொட்டதும் சரிவு முழுக்கத் தாளிப்பு மணந்தது. லூர்து வேலையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி நின்றார்.

மழைக்குப் பின், கருகிய தண்டைச் சுற்றிக் கொத்தாகத் துளிர் வந்திருந்தது. தீமேய்ப்பான் நின்று பார்த்தது. தானே ஒரு சில்லைப் பதித்தது. அதன் திரையில் எழுத்து ஓடியது: 'மண்ணின் கன்று. காவல் எட்டு ஆண்டு.'

லூர்து சிரித்தார். "நமக்கு எவ்வளவு போட்ருக்கான்?"

"பதினோரு மாசம்ணே. அப்புறம் விசா திரும்பக் கேக்கணும்."

சகாயமேரி குனிந்து ஓர் இலையைக் கிள்ளப் போனாள். தீமேய்ப்பான் ஒரு காலைத் தூக்கி, மெதுவாக அவள் கையை விலக்கியது.