ஆறு கால் மாடு

ஐப்பசி மழையில் வகுப்பறைக்குள் பகலிலேயே இருட்டிக் கிடந்தது. சுவரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்கள் ஒட்டியிருந்தன.

"ஒவ்வொரு படத்தையும் பாத்து ஒரு துண்டுச் சீட்டுல கருத்து எழுதி, கீழ ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் அம்புஜவல்லி டீச்சர்.

அன்புக்கரசிக்கு ஓவியத்தில் மூன்று பரிசுகள் கிடைத்திருந்தன. அதனால் அவள் யோசிக்காமல் வேகமாக எழுதிக்கொண்டே போனாள்.

துர்காவின் படத்தில் ஒரு மாடு மட்டும் மூலையில் நின்றது. மற்ற இடமெல்லாம் வெறுமை.

'மாட்டுக்கு ஆறு கால். தாள் வீண். கவனம் போதாது' என்று எழுதி ஒட்டினாள்.

செந்தமிழன் அதைச் சத்தமாகப் படித்தான். "ஆறு காலா? மாடா, எட்டுக்கால் பூச்சிக்குத் தம்பியா?"

வகுப்பே சிரித்தது. துர்கா பள்ளிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.  மதியம் அவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை.

அன்புக்கரசி அதைக் கவனித்தாள். எழுந்து போய் அந்தப் படத்தின் முன் நின்றாள். இந்த முறை அவசரப்படாமல் பார்த்தாள்.

நான்கு கால்களில் குளம்பு இருந்தது. மற்ற இரண்டும் மெலிந்தவை. அவற்றில் விரல்கள் இருந்தன. மாட்டின் கழுத்தைச் சுற்றி ஒரு சின்னக் கை.

அவள் துர்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "மாட்டுக்குப் பின்னால நிக்கிறது நீதானே?"

துர்கா தலையசைத்தாள். "மாட்ட வாங்குன ஆளுங்க ஓட்டிட்டுப் போவ வந்தாங்க. கட்டிப் புடிச்சிக்கிட்டு ஒளிஞ்சிக்கிட்டேன்."

"ஏன் வித்தாங்க?"

"சுரங்கத்துக்கு எங்க எடத்த எடுத்துட்டாங்க. இங்க வாடக வூட்டுல மாட்ட எங்க கட்டுறது? அப்பாவும் இப்ப பீங்கான் கம்பெனிக்குத்தான் போறாரு."

"அந்த வெத்து எடம்?"

"அங்கதான் எங்க வூடு இருந்திச்சு. இடிச்சிட்டாங்க."

அன்புக்கரசி எழுந்து படத்தின் முன் போனாள். பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

'நான் முதலில் சரியாகப் பார்க்கவில்லை. மாட்டுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள். வெற்று இடத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அவள் முகமும் தெரிந்தால் நன்றாக இருக்கும்.'

செந்தமிழன் வந்து படித்தான். படத்தைப் பார்த்தான். இந்த முறை சிரிக்காமல், குளம்புகளை எண்ணிப் பார்த்தான்.

துர்காவும் படித்தாள். "எனக்கு அழுவுற மூஞ்சி வரைய வராது."

"நெசமாச் சொல்றேன், எனக்கும் வராது" என்றாள் அன்புக்கரசி.

மணி அடிக்கும்வரை இருவரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து பார்த்தார்கள். ஒரு முகம் கொட்டாவி விட்டது. இன்னொன்று தும்மியது. ஏழாவது முகத்தை மட்டும் துர்கா அழிக்காமல் வைத்துக்கொண்டாள்.