திறக்காதே, புஷ்பம்!

டொக்... டொக்...

சத்தம் காரின் பின்பக்கத்திலிருந்து வந்தது!

நந்தனம் சிக்னலில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த புஷ்பம் சடாரென்று திரும்பினாள். பின் சீட்டில் அவளுடைய ஹேண்ட்பேக் மட்டும்தான் கிடந்தது.

டொக்! டொக்! டொக்!

டிக்கிக்குள்ளிருந்து!

பிறகு ஒரு குரல். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கலாக...

"யாரு வண்டி ஓட்டறது...? திறங்க... மூச்சு முட்டுது..."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த பஸ் ஹாரனை அலறவிட்டது. எப்படியோ காரை சேமியர்ஸ் ரோடுக்குள் திருப்பி, ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினாள்.

"யா... யாரது?"

"முதலாளியம்மாவா? நான்தாம்மா... சுவாமிநாதன்!"

தூக்கிவாரிப்போட்டது.

புஷ்பத்தின் கணவர் கருணாகரனுக்குத் தி.நகரில் நகைக்கடை; மாடியில் நகை செய்யும் பத்தரின் பட்டறை. அந்தக் கடையின் மானேஜர் சுவாமிநாதன். வீட்டு விசேஷங்களில் பந்தி பரிமாறும் அளவுக்கு வேண்டிய மனிதர்.

"நீங்க எப்படி டிக்கிக்குள்ள...?"

"முதலாளிதாம்மா போட்டுப் பூட்டினார்..."

"என்ன உளர்றீங்க!"

"கடை மாடியில பத்தர் செத்துக் கிடக்கார்மா! ராஜரத்தினம் பத்தர்! கத்திக்குத்து! நான் பார்த்துட்டேன்... அதனால என்னையும்..."

குரல் இருமலில் முறிந்தது.



இன்று ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு விடுமுறை. ஆனாலும் மதியம் சாப்பிட்ட கையோடு, "பத்தரைப் பார்க்கணும்" என்று கிளம்பினார் கருணாகரன். அவளை அவளுடைய அக்கா வீட்டில் இறக்கிவிட்டு, "எனக்கு நேரமாகும். கடைக்குப் பின்னால வண்டி நிக்கும். டூப்ளிகேட் சாவி வச்சிருக்கேல்ல, எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடு" என்றார். அவள் வந்து பார்த்தபோது கடையின் பின்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. கூப்பிட்டாள். பதில் இல்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நேற்று ராத்திரி அவர் தூங்கவேயில்லை. போனில் பத்தரிடம் கத்தினார். "நாளைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டியாகணும்!"

முடிவு...!

"அம்மா... போலீசுக்குப் போயிடாதீங்க. முதலாளி மாட்டிப்பார். உங்க குடும்பமே தெருவுக்கு வந்துடும். முதல்ல என்னை வெளிய விடுங்க... நான் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்..."

அது ஓர் அமெரிக்கக் கார். சொந்த நாட்டுக்குத் திரும்பிய தூதரக அதிகாரி ஒருவர் விற்றுவிட்டுப் போனது. டிக்கியைத் திறக்க டேஷ்போர்டு அறைக்குள் ஒரு பட்டன். அமுக்கினால் மின்சாரத்தில் பூட்டு விடுபடும். யாராவது கள்ளச்சாவி போட்டு நகையை அடித்துவிடுவார்களோ என்று பயந்து, வெளியே இருந்த சாவித் துவாரத்தைக் கருணாகரனே தகடு வைத்து அடைத்துவிட்டார்.

புஷ்பம் பட்டனை அமுக்கினாள்.

மௌனம்.

மறுபடி அமுக்கினாள். கட்டைவிரல் வலிக்க அமுக்கினாள்!

'க்ளக்' என்ற அந்தச் சத்தம் வரவில்லை.

"திறக்கலையே...! சுவாமிநாதன்! திறக்கலை!"

"ஐயோ... அம்மா... கண்ணை இருட்டுது..."

கார் அடையாறு பாலத்தின்மேல் பறந்தது.

*

அவள் வீட்டுக்குப் போகும் வழியில்தான், ஊரூர் குப்பத்தருகே மெஹபூப் அலியின் ஒர்க்ஷாப். இந்தக் காருக்கு எப்போதும் அவன்தான் வைத்தியம் பார்ப்பான். ஷெட் வாசலில், அருவாமணையில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள் மீன்காரி கோவிந்தம்மா.

"பாய்! டிக்கிக்குள்ள ஆளு! சாகப் போறாரு! திறங்க!"

மெஹபூப் அலி கையிலிருந்த ஸ்பானரை நழுவவிட்டான்.

"இன்னாமா சொல்றீங்கோ! ஆளா?"

டொக்... டொக்... என்று டிக்கியே பதில் சொன்னது.

"அல்லா!"

கோவிந்தம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். "உசிரு கீதா?"

"கீது, கீது! நவுரு!"

மெஹபூப் அலி ஹாரனை அடித்தான். அலறியது.

"பேட்டரி நல்லா கீது." பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான். "பியூஸும் போவல." பட்டனைக் கழற்றினான். டெஸ்ட் பல்பை வைத்தான். பளிச்! பட்டனைத் திரும்ப மாட்டினான். "இதுவரைக்கும் கரெண்ட் வருதும்மா. டிக்கிக்குப் போவல. நடுவுல எங்கியோ..."

"கடப்பாரை போட்டு நெம்பேன் பாய்!" என்றாள் கோவிந்தம்மா.

"நெம்பினா பூட்டு இறுகிக்கும். அப்பால சாமி வந்தாலும் தொறக்காது!"

"அம்மா... சீக்கிரம்..." டிக்கிக் குரல் தேய்ந்தது.

அவனும் கோவிந்தம்மாவும் சேர்ந்து பின் சீட்டைப் பிடுங்கி ரோட்டில் போட்டார்கள். சாய்மானத்தையும் கழற்றினார்கள். அதற்கும் டிக்கிக்கும் நடுவே ஒரு அட்டைத் தடுப்பு மட்டும் இருந்தது. புஷ்பம் டார்ச் அடித்தபடி தரையில் தவழ்ந்தாள்.

"பாய்! இங்க... இந்த ஒயரு!"

மெஹபூப் அலி குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறியது.

"இது எலி கடிச்சதில்லம்மா. புதுசா கீது. கட்டிங் பிளேயர்ல நறுக்கிக்கீறாங்கோ."



அப்படியென்றால்... உள்ளே இருப்பவர் வெளியே வரவே கூடாது என்று... அவர்...?

இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துத் தூங்கிய மனுஷன்...?

அப்போதுதான் அந்த டாக்சி தெருமுனையில் திரும்பியது. முழுசாக நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு குதித்தார் ஒருவர்.

கருணாகரன்!

சட்டையில் ரத்தம்!

"பாய்! அவர் வர்றார்! சீக்கிரம்! ஒயரைச் சேருங்க!"

"புஷ்பம்ம்ம்!" கருணாகரன் ஓடிவந்தபடி அலறினார். "திறக்காதே! திறக்காதே!"

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

"சேருங்க பாய்ய்!"

மெஹபூப் அலி இரண்டு ஒயர் முனைகளையும் உரசினான். நீலப் பொறி பறந்தது. முன் சீட்டுக்குப் பாய்ந்து புஷ்பம் பட்டனை அமுக்கினாள்.

க்ளக்!

டிக்கி வாயைப் பிளந்தது. புஷ்பம் பின்னால் ஓடினாள்.

"சுவாமிநாதன்! வாங்க, சீக்கிரம் எழுந்து..."

பாதியில் நின்றது வார்த்தை.

எழுந்து உட்கார்ந்த சுவாமிநாதனுக்கு மூச்சுத் திணறவில்லை. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வலதுகை முழங்கைவரை காய்ந்த ரத்தம். அந்தக் கையில்... ஒரு பிச்சுவா!

"ரொம்ப நன்றிம்மா." சிரித்தான். "கார் சாவியைக் கொடுங்க."

"நீ... நீதான் பத்தரை..."

"சாவி!"

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். கத்தி முனை தொண்டையை நோக்கி வந்தது...

சளப்!

ஒரு முழு வஞ்சிரம் பறந்துவந்து அவன் முகத்தில் அறைந்தது!

"இன்னாடா, பொம்பளயாண்ட கத்தி காட்றே கஸ்மாலம்!"

அவன் பிடி தளர்ந்த அந்த ஒரு கணம்! புஷ்பம் கையை உருவிக்கொண்டு, டிக்கி மூடியைப் பிடித்து, உடம்பின் மொத்த கனத்தையும் அதன்மேல் போட்டாள்.

தடால்!

மூடி அவன் மண்டையில் இறங்கியது. உள்ளே சரிந்தான். பூட்டு விழுந்தது. அது போதாதென்று கோவிந்தம்மா எகிறி மூடிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

சர்ரக்...!

அட்டைத் தடுப்பைக் கிழித்துக்கொண்டு கத்தி முனை காருக்குள் எட்டிப் பார்த்தது! மெஹபூப் அலி "யா அல்லா!" என்று கத்தியபடி, கழற்றிப் போட்ட சாய்மானத்தைத் தூக்கிவந்து முட்டுக்கொடுத்தான். பின்னாலேயே கருணாகரனும் வந்து முதுகால் அழுத்தினார். உள்ளே உதை விழுந்தது... விழுந்தது... மெல்ல அடங்கியது.

சைரன் சத்தம் கேட்டது.

*

போலீஸ்காரர்கள் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டதும் கருணாகரன் இறங்கிவந்து மனைவியின் தோளைத் தொட்டார்.

அவள் உடம்பு தானாக விலகியது.

"என்ன புஷ்பம்?"

"உங்க சட்டையில... ரத்தம்..."

"பத்தரோடது. உயிர் இருக்குமோன்னு மடியில தூக்கிப் பார்த்தேன்..." அவர் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். "வைரத்தை எடுத்துட்டு போலிக் கல்லை வச்சது யாருனு இன்னிக்குக் காட்டித்தர்றேன்னு சொன்னாரு. ராத்திரியே சொல்லுங்கன்னு கத்தினேன். நேர்லதான் சொல்வேன்னுட்டாரு. காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள..."

"அப்போ டிக்கி...?"

"பொணத்தை நம்ம வண்டியில ஏத்தி என் தலையில பழியைப் போட அவன்தான் திறந்து வச்சிருக்கான். மாடியில என் சத்தம் கேட்டதும் உள்ள பதுங்கி மூடிக்கிட்டான். ஜன்னல்லேருந்து அதைப் பார்த்துட்டேன். கூட்டாளி எவனாவது வந்து பட்டனை அமுக்கிட்டா? அதான் ஒயரை அறுத்தேன். போனை முன்னாடியே அறுத்துட்டான் படுபாவி. நீ வர்றதுக்குள்ள திரும்பிடலாம்னு ஸ்டேஷனுக்கு ஓடினேன். திரும்பிவந்தா வண்டியைக் காணோம்! இன்ஸ்பெக்டர் மாடிக்குப் போனாரு, பின்னாலயே ஜீப்பை நம்ம வீட்டு வழியில வரச் சொல்லிட்டு நான் டாக்சியைப் பிடிச்சேன். வீட்டுக்குப் போற வழியில எங்கயாவது அவன் உன்னை..."



புஷ்பம் அந்த ரத்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தான் எதற்குப் பயந்தோம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியிருந்த இன்ஸ்பெக்டர் ஜவஹர் காரை ஒருமுறை சுற்றிவந்தார். துப்பாக்கியை உருவினார். கான்ஸ்டபிள்கள் லத்தியோடு வளைத்து நின்றார்கள்.

"பாய், நான் சொல்றப்போ ஒயரைச் சேரு. ஏம்மா மீன்காரம்மா... இறங்கு. டிக்கியைத் திறக்கணும்."

கோவிந்தம்மா அசையவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னும் சௌகரியமாகச் சாய்ந்தாள்.

"போ சார்! பொறந்ததுலேர்ந்து இப்பதான் காரு ஏறிக்கீறேன்... ஒரு ரவுண்டு கூட உடாம எறங்கச் சொல்றியே!"