ஐந்தாம் எண் பெட்டி

யார் முதலில் ஆஸ்பத்திரிக்குள் நுழைவது என்று அன்று காலை மழைக்கும் அவனுக்கும் போட்டி போலிருக்கிறது. தலை தெறிக்க ஓடிவந்தவனின் கருவிப் பை சுந்துஸின் குடையில் மோதியது. கம்பி இரண்டு முறிந்தது.

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

"முன்னாடிதாங்க இருக்கு... இப்பதான் அது வேலையே செய்யுது."

முறைக்கத்தான் நிமிர்ந்தாள். முடியவில்லை. நனைந்த இமைகளுக்குக் கீழே அப்படி இரண்டு கண்கள்... உதட்டில் இருந்த சிரிப்பு அந்தக் கண்களுக்கு எட்டவேயில்லை.

அமாரா நகரத்து அரசு ஆஸ்பத்திரியில் தச்சன் வேலை ஒன்று காலி. வந்திருந்தவர்கள் ஆறு பேர். சர்க்கார் வேலை என்றால் உயிரோடிருக்கும்வரை கஞ்சிக்குக் கவலையில்லை. பெண் வீட்டார் கதவைத் திறப்பதே அதற்குப் பிறகுதான். சுந்துஸின் வாப்பா "உத்தியோகம் என்ன?" என்ற ஒரே கேள்வியில் மூன்று மாப்பிள்ளைகளை வாசலோடு திருப்பியனுப்பியவர்.

பண்டசாலைக் குமாஸ்தாவான சுந்துஸ்தான் எண் சீட்டுகளைக் கொடுத்தாள்.

"பேரு?"

"ராஹி."

"அஞ்சாம் நம்பர். செய்யற சாமான்ல இந்தச் சீட்டு மட்டும்தான் இருக்கணும். பேரு, குறி எது இருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒப்படைச்சப்புறம் தொடவும் கூடாது. சொந்தக்காரனுக்கு மார்க் போட ஆயிரம் வழி கண்டுபிடிச்சிருக்காங்க நம்மாளுங்க."

"உங்க பேரு?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"யார் குடையை ஒடிச்சேன்னு தெரிய வேணாமா?"

"சுந்துஸ்," என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

பிற்பகல் தொழுகைக்குள் ஆளுக்கொரு சவப்பெட்டி. அதுதான் தேர்வு. ஜன்னல் வழியே ஐந்தாம் எண்ணை அவள் எத்தனை முறை பார்த்தாள் என்பது அவளுக்கே தெரியாது. மற்றவர்கள் அளந்து அளந்து அறுக்க, அவன் அளவுகோலையே தொடவில்லை. 

பெட்டிகள் உள்ளே வந்தன. சரிபார்க்க ஐந்தாம் எண்ணின் மூடியைத் தூக்கினாள். தலைமாட்டுப் பலகையில், தடித்த பென்சிலில், ஒரு பெயர்.

சுந்துஸ்.

போர்முனையிலிருந்து தம்பி வந்த பெட்டியில்தான் இப்படிப் பென்சிலில் ஒரு பெயரைப் பார்த்திருக்கிறாள். வெளியே போய் அவனைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிவந்தாள்.

"நான் என்ன பாவம் பண்ணேன் உங்களுக்கு? உசிரோட இருக்கறவளுக்குப் பொட்டி செஞ்சிருக்கீங்களே!"

பலகையைப் பார்த்தான் ராஹி. முகம் வெளுத்துவிட்டது.

"அல்லாவே... நான் எழுதலைங்க. கை எழுதியிருக்கு." "சண்டை நேரத்துல ஒரு நாளைக்கு நாப்பது பொட்டி செஞ்சோம். ஆள் மாறிடக் கூடாதுன்னு தலைமாட்டுல பேரு எழுதித்தான் அனுப்புவோம். அந்த வேலை முடிஞ்சா கை தன்னால பென்சில் எடுக்கும். இன்னிக்கு எழுத எந்தச் சாவும் இல்ல... காலையிலேருந்து மனசுல ஓடினது ஒரே பேருதான்."

அவளுக்குக் கோபம் இருந்த இடம் காலியாகிவிட்டது. அங்கே என்ன வந்து உட்கார்ந்தது என்று பார்க்கப் பயமாக இருந்தது. மேஜையிலிருந்த இழைப்புளியை அவன் பக்கம் தள்ளினாள்.

"இழைச்சிடுங்க... சீக்கிரம்."

ஒரே இழை. சுருளாக வந்த சீவலை அவன் கைக்குள் மூடிக்கொள்ளவும், மார்க் போடும் இன்ஜினியர் முனீர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. மனிதருக்குக் கழுகுக் கண். புதிதாக வெளுத்திருந்த இடத்தை விரலால் தடவினார்.

"ஒப்படைச்ச பொட்டியை யாரும்மா தொடவிட்டது? உனக்கு இந்த வேலையில இருக்க ஆசையில்லையா?"

சுந்துஸ் வாயைத் திறப்பதற்குள் ராஹி முந்திக்கொண்டான்.

"அவங்களுக்குத் தெரியாதுங்க சார். நான்தான் திருட்டுத்தனமா நுழைஞ்சேன். பழக்க தோஷத்துல என் பேரை எழுதிட்டேன். அதை அழிக்கத்தான்."

"அஞ்சாம் நம்பர் வெளியே," என்றார் இன்ஜினியர். ஆறு வருஷமாக அவன் காத்திருந்த வேலை ஆறு நொடியில் போய்விட்டது.

மழை விடவில்லை. கருவிப் பையோடு வாசல் கூரையடியில் நின்றவனைத் தேடி அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஏன் பொய் சொன்னீங்க? யாருங்க நான் உங்களுக்கு?"

"பொட்டியில பொம்பளை பேருன்னு தெரிஞ்சா ஊரு சும்மா இருக்குமா? உங்க வேலையும் போயிருக்கும்." அவன் உள்ளங்கையை விரித்தான். சீவலில் அவள் பெயர் சுருண்டு கிடந்தது. "நான் எழுதின பேருல ஒருத்தர்கூட உசிரோட இல்லைங்க... நீங்க ஒருத்தர்தான். உங்க பேரை எனக்கு இன்னொரு தரம் எழுதணும். நிக்காஹ் பத்திரத்துல. கேக்கற யோக்யதை வந்துடும்னு காலையில ஒரு நம்பிக்கை இருந்துச்சு, இப்ப அதுவும் இல்ல."

அவள் கண் நிறைந்தது. சீவலை எடுத்துத் துண்டு துண்டாகக் கிள்ளி மழைத் தண்ணீரில் போட்டாள்.

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாங்க. உத்தியோகம் என்னன்னு வாப்பா கேப்பாரு."

"என்ன சொல்லட்டும்?"

"'உங்க மகளுக்காகத் தொலைச்சுட்டேன்'னு சொல்லுங்க... மத்ததை நான் சொல்லிக்கறேன்."